கல்லாகக் கிடந்தால் தூங்கும், மாவானால் வேலை செய்யும்!



தோட்டத்து லயத்தை விட்டு கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கோ குடிவந்துவிட்டாலும், நம் தாய்மார்களுக்கு வாசலில் நாலு மிளகாய்ச் செடியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இல்லாமல் மனம் ஆறாது. இடம் இல்லாவிட்டால் பழைய வாளியில் மண்ணை நிரப்பியாவது நட்டுவிடுவார்கள். செடி வாடினால் காலையில் உடைத்த முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கி வேரடியில் போடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். "ஓட்டில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது" என்பார்கள். இருப்பது உண்மைதான். முட்டை ஓட்டின் எடையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் சுண்ணாம்புக் கல்லின் பொருளே. அப்படியிருந்தும் செடி ஏன் தேறுவதில்லை? ஆறு மாதம் கழித்து மண்ணைக் கிளறினால் போட்ட ஓடு போட்டபடியே கிடக்கிறதே, அது ஏன்?

இந்தச் சிறிய கேள்விக்குள் ஒரு பெரிய விஞ்ஞான உண்மை அடங்கியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் காசும் மிஞ்சும், காயும் கிடைக்கும்.

நம் மண் புளித்த மண்

மழை அதிகமாகப் பெய்யும் நாடு நம் மலேசியா. பல்லாயிரம் ஆண்டு மழை, மண்ணில் இருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது புளிப்பு மண், அதாவது அமில மண். புளிப்பை அளக்க 'பி.எச்.' என்ற அளவு இருக்கிறது. 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நம் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில்தான் இருக்கிறது.

ரப்பர் மரமும் செம்பனையும் இந்தப் புளிப்பைத் தாங்கும். அதனால்தான் நம் பாட்டன் காலத்திலிருந்து அவை இங்கே செழித்தன. மிளகாய், கத்தரி, பயற்றங்காய் ஆகியவை அப்படி அல்ல. அவற்றுக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். 5-க்குக் கீழே போனால் களிமண்ணில் அடங்கிக் கிடந்த அலுமினியம் கரைந்து வெளியே வரும். அது வேரின் நுனியைக் கருக்கிக் குட்டையாக்கிவிடும். வேர் குட்டையானால் எவ்வளவு உரம் போட்டு என்ன பயன்?

கிள்ளான், கேரித் தீவு, பந்திங் பக்கத்துக் கடலோர மண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில இடங்களில் அடிமண்ணில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாது இருக்கிறது. நீருக்குள் இருக்கும்வரை அது சாதுவாக இருக்கும். வாய்க்கால் வெட்டி நீரை ஒரேயடியாக வடித்துவிட்டால், காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறும். அத்தகைய இடங்களில் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால்களில் தடுப்புப் போட்டு நீரை ஒரு மட்டத்தில் நிறுத்தி வைப்பது இதற்காகத்தான்.

புளிப்பை முறிக்கும் மலிவான மருந்து சுண்ணாம்புக் கல். நம் நாட்டில் பெரும்பாலும் அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக் கல், 'ஜி.எம்.எல்.' என்ற பெயரில் மூட்டையாக விற்கப்படுகிறது. அதுவும் முட்டை ஓடு போலத்தான்: கல்லாகப் போட்டால் தூங்கும், மாவாகப் போட்டால் வேலை செய்யும்.

ஒரு பகடைக்காய்க் கணக்கு

காரணம் என்ன? அமிலம் கல்லைத் தொடுவது அதன் மேற்பரப்பில் மட்டும்தான். உள்ளே இருக்கும் கல்லுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது.

ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பகடைக்காய் அளவுச் சுண்ணாம்புக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு முகம். மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். எடை அதேதான். ஆனால் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக அரைத்தால் 10 லட்சம் துகள்கள், 600 சதுர சென்டிமீட்டர் பரப்பு! பிள்ளைகளின் பள்ளித் தாள் ஒன்றை மூடும் அளவு. பகடைக்காயின் முகம் எங்கே, முழுத் தாள் எங்கே!

இது நமக்குப் புதிதா? கற்கண்டைவிடச் சீனி சீக்கிரம் கரைகிறது. பெரிய விறகுக் கட்டையில் தீக்குச்சியை வைத்தால் பற்றாது, சிராயில் வைத்தால் உடனே பற்றும். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இதே கணக்குதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுண்ணாம்பு மண்ணுக்குள் எளிதில் நகராது. ஒரு துகள் தன்னைச் சுற்றியுள்ள சிறிதளவு மண்ணின் புளிப்பைத்தான் மாற்றும். ஒரே கல்லாகக் கிடந்தால் அது ஓரிடத்தை மட்டும் காக்கும். 10 லட்சம் துகள்களாகக் கலந்தால் 10 லட்சம் இடங்களைக் காக்கும்.

வீட்டிலேயே சோதனை

உங்கள் பிள்ளைகளை அழைத்து இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு முட்டை ஓடுகளைக் கழுவி, உட்தோலை உரித்து, காய வையுங்கள். ஒன்றைக் கையால் நொறுக்குங்கள். மற்றதை அம்மியிலோ அரவை இயந்திரத்திலோ மாவாக்குங்கள். இரண்டு உயரமான குவளைகளில் தனித்தனியே போட்டு, ஒரே அளவு வினிகர் ஊற்றுங்கள். நொறுக்கிய ஓட்டில் சிறு சிறு குமிழிகள் மெதுவாக எழும். மாவில் குபுகுபுவென்று நுரை பொங்கும். பொங்கி வருவது கரியமில வாயு. பொருளும் அதே, எடையும் அதே, வினிகரும் அதே. மாறியது பரப்பு மட்டும்.

மண்ணை ஆராய்கிறவர்களும் இந்த வித்தையைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரணச் சுண்ணாம்புக் கல்லின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைக்கும். டோலமைட் என்ற மக்னீசியச் சுண்ணாம்புக் கல் அவ்வளவாக நுரைக்காது. அதையே கத்தியால் சுரண்டி, அந்தப் பொடியில் விட்டால் நுரைக்கும்! நம் ஜி.எம்.எல். மூட்டையில் இருப்பது இந்த மக்னீசியக் கல்தான். இயல்பிலேயே சற்று மந்தமான கல் என்பதால், அதை இன்னும் மென்மையாக அரைக்க வேண்டியிருக்கிறது.

பத்துமலை சொல்லும் சாட்சி

தைப்பூசத்துக்கு 272 படி ஏறுகிறோமே, அந்தப் பத்துமலை முழுவதும் சுண்ணாம்புப் பாறைதான். மழைநீரும் மெல்லிய அமிலமே. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு அதில் கரைந்திருக்கிறது. அப்படியிருந்தும் மலை கரைந்து போகாமல் நிற்பதற்குக் காரணம், அத்தனை பெரிய பாறைக்கு வெளிப்பரப்பு குறைவு என்பதே. குகை மட்டும் எப்படி வந்தது? பாறையின் விரிசல்களுக்குள் நீர் புகுந்தது. விரிசலின் இரு பக்கமும் புதிய பரப்பு. அந்த வழியே அரித்து அரித்து, நெடுங்காலத்தில் மண்டபம் போன்ற குகைகள் உண்டாகிவிட்டன. கோலாலம்பூர் நகரத்தின் கீழும் இத்தகைய பாறை இருக்கிறது. 1990-களில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு இடம் பார்த்தபோது அடியில் இந்தப் பாறை சீரற்று இருந்ததால், கட்டடத்தை ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளிக் கட்ட நேர்ந்தது.

அங்கே அதுவே தொல்லை

சுண்ணாம்பு மாவு எல்லா மண்ணுக்கும் நல்லதா? இல்லை. நம் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டையே பாருங்கள். மழை குறைவான கோயம்புத்தூர் வட்டாரத்தில் சுண்ணாம்பு நிறைந்த கரிசல் மண் உண்டு. உழும்போது சுக்கான் கல் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பும். அங்கே பி.எச். 8-க்கு மேல் போகிறது. அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் நிலக்கடலையும் கரும்பும் வெளிறிவிடும்.

அங்கேயும் பரப்புதான் தீர்ப்புச் சொல்கிறது. ஒரே எடைச் சுண்ணாம்பு ஒரு வயலில் சுக்கான் கல்லாகவும், இன்னொரு வயலில் மாவாகவும் இருந்தால், மாவாக உள்ள வயலே அதிகம் வெளிறும். பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களிலும் இதே தொல்லை இருந்தது. மண்ணில் மொத்தச் சுண்ணாம்பு எவ்வளவு என்று அளந்தால் போதவில்லை. 1942-ல் துரூயினோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர், அம்மோனியம் ஆக்சலேட் கரைசலைக் கொண்டு மண்ணில் சுறுசுறுப்பாக உள்ள நுண்ணிய சுண்ணாம்பை மட்டும் அளக்கும் முறையை வெளியிட்டார். அதற்குச் 'செயல்படு சுண்ணாம்பு' என்று பெயர். இன்றும் அந்த அளவு வழக்கில் இருக்கிறது.

ஆக, அங்கே பகையாக இருக்கும் மாவு இங்கே நமக்கு நண்பன். அளவு மீறினால் இங்கும் பகையாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மூட்டை வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள். கொஞ்சம் எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். கோதுமை மாவு போல இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 60 கண் உள்ள சல்லடையில் இறங்கும் துகள், அதாவது கால் மில்லிமீட்டருக்கும் குறைந்தது, நன்றாக வேலை செய்யும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குறுணையால் அந்த ஆண்டில் பெரிய பயன் இல்லை. குறுணைக்குக் கொடுத்த காசு வீண்.

மேலே தூவிவிட்டுப் போகாமல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலக்குங்கள். ஈரம் வேண்டும். பலன் தெரியச் சில வாரங்களாவது ஆகும். மிகவும் புளித்த மண்ணில் துகளின் மேல் இரும்பும் அலுமினியமும் படிந்து மூடிக்கொண்டால் அதன் வேலை நின்றுபோகும். பெரிய துகளென்றால் உள்ளே உள்ள கல் முழுவதும் வீண்தான்.

தொட்டிச் செடிக்கு ஏறக்குறைய 5 கிலோ புளிப்பு மண் என்றால் ஒரு முட்டை ஓட்டை மாவாக்கிக் கலந்தால் போதும். கடையில் வாங்கிய தொட்டி மண்ணில் முன்பே சுண்ணாம்பு சேர்த்திருக்கலாம், அதற்கு வேண்டாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் செய்த சோதனையில் கையால் நொறுக்கிய ஓட்டுக்கும் ஒன்றும் போடாத மண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாவாக அரைத்த ஓடே மண்ணின் புளிப்பைக் குறைத்தது. நிலத்துக்குப் போடுவதானால் முதலில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள். யூரியா, அம்மோனியம் உரங்களோடு சேர்த்துப் போடாதீர்கள். சத்து வாயுவாகப் பறந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் நீற்றுச் சுண்ணாம்பும் வேறு வகை. சுண்ணாம்புக் கல் மாவு கலந்த நீரின் பி.எச். 8-ஐ ஒட்டியே நிற்கும். நீற்றுச் சுண்ணாம்பு கலந்த நீரோ 12-ஐத் தாண்டிவிடும். செடியின் வேர் கருகும். குழந்தையின் கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரால் விடாமல் கழுவி, மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நாளைக் காலை முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவிக் காய வையுங்கள், அம்மியில் வைத்து மாவாக அரையுங்கள். உங்கள் மிளகாய்ச் செடிக்கு வேண்டியது கல் அல்ல, மாவு!