எந்த ஆப்ல கடை போடலாம்? அக்காவோட கொட்டேஷனும் டிக்டாக் தந்த பாடமும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை துடியலூர்ல இருக்கற பெரியம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பார்த்துட்டிருந்த வேலையை விட்டுட்டு, வீட்டுலயே சத்துமாவு, கம்பு மாவு, இட்லிப்பொடி எல்லாம் பண்ணி விக்கறாங்க. காபி குடுத்த கையோட ஒரு பேப்பரை நீட்டினாங்க. யாரோ குடுத்த கொட்டேஷன். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், லிங்க்ட்இன், எக்ஸ்னு அஞ்சு இடத்துலயும் தினமும் ஒரு போஸ்ட் போடுவாங்களாம். மாசம் 18,000 ரூபாய்.

"ஏந் தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இது நமக்குக் கட்டுபடி ஆகுமா?"

அக்கா கையில இருந்தது வேலையில சேத்த கொஞ்சம் பணம். அஞ்சாறு மாசம் இதைக் கட்டினா அது காலி. அதனால "எல்லா ஆப்லயும் இருங்கக்கா"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வர முடியல. ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம். அதைத்தான் இந்த எபிசோட்ல சொல்லப்போறேன்.

முதல்ல ஒரு பழைய கதை

ஒரே ஆப்பை நம்பி பிராண்ட் வளக்கறது எவ்வளவு ஆபத்துன்னு நம்ம ஊருக்கு ரெண்டு தடவை பாடம் கிடைச்சுது. முதல் தடவை 2019 ஏப்ரல் 3. சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, டிக்டாக்கைத் தடை பண்ணச் சொல்லி மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. ரெண்டு வாரத்துல கூகுள், ஆப்பிள் ரெண்டு ஸ்டோர்ல இருந்தும் ஆப் காணாம போச்சு. ஏற்கெனவே வெச்சிருந்தவங்க ஓட்டிக்கலாம், புதுசா யாரும் டவுன்லோட் பண்ண முடியாது. ஏப்ரல் 24 அன்னைக்கு அதே கோர்ட் தடையை நீக்கிடுச்சு. எல்லாரும் "அப்பாடா"ன்னு பழையபடி வீடியோ போட ஆரம்பிச்சாங்க.

ரெண்டாவது தடவை 2020 ஜூன் 29. மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவுல 59 ஆப்களை ஒரே நேரத்துல தடை பண்ணுச்சு. அந்த லிஸ்ட்ல டிக்டாக்கும் இருந்துச்சு. இந்தத் தடவை அது திரும்பி வரல. லட்சக்கணக்குல ஃபாலோயர் வெச்சிருந்தவங்களுக்கு, "நான் இனிமே இங்க இருக்கேன்"னு எல்லாருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பக்கூட வழி இல்ல. ஏன்னா அந்த லிஸ்ட் அவங்களோடது இல்ல, ஆப்போடது. சிலர் யூடியூபுக்கு மாறி மறுபடி வளந்தாங்க, உடன்குடி ஜி.பி. முத்து மாதிரி. அவரைப் பேர் சொல்லித் தேடறதுக்கு ஆள் இருந்தாங்க. ஆப் ஊட்டிவிட்டதை மட்டும் பாத்துட்டிருந்த கூட்டம், அடுத்த ஆப்ல வேற யாரையோ பாக்கப் போயிடுச்சு.

சாஃப்ட்வேர்ல இதை சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்னு சொல்லுவோம். ஒரு இடம் உடைஞ்சா மொத்தமும் விழுந்துடும். சரி, அப்ப அஞ்சு ஆப்ல இருந்தா தப்பிச்சுக்கலாமா? 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூணும் ஒண்ணா விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? மெயின்டனன்ஸ் வேலையில குடுத்த ஒரு கமாண்ட், அந்தக் கம்பெனியோட டேட்டா சென்டர்களை இணைக்கற நெட்வொர்க்கையே துண்டிச்சுடுச்சு. சுமார் ஆறு மணி நேரம் மூணுமே இல்ல. கடை மூணு, ஆனா பில்டிங் ஓனர் ஒருத்தர்தான்.

மூணு கேள்வி

அதனால எண்ணிக்கையை விட்டுட்டு, மூணு கேள்வி கேட்டோம்.

ஒண்ணு: வாங்கறவங்க எந்த மனநிலையில அங்க வர்றாங்க? யூடியூபுக்கும் கூகுளுக்கும் நிறைய பேர் தேடி வர்றாங்க. "குழந்தைக்கு சத்துமாவு எப்படிக் கரைக்கறது"ன்னு டைப் பண்ணுவாங்க. இன்னைக்குப் போட்ட வீடியோ ரெண்டு வருஷம் கழிச்சும் ஒருத்தர் கண்ணுல படும். இன்ஸ்டாவுல பெரும்பாலும் சும்மா ஸ்க்ரோல் பண்றாங்க. அழகா இருந்தா நிப்பாங்க, ஆனா அந்த போஸ்ட்டுக்கு ஆயுசு கம்மி. கேப்ஷன்ல லிங்க் போட்டாலும் அதைத் தொட்டுப் போக முடியாது, பயோவுக்குத்தான் போகணும். லிங்க்ட்இன்ல வேலை, பிசினஸ் பேச வர்றாங்க. கணபதியில பம்ப் பார்ட்ஸ் பண்ற ஒருத்தருக்கு ரீல்ஸைவிட லிங்க்ட்இனும் இந்தியாமார்ட்டும்தான் உதவும். சத்துமாவுக்கு லிங்க்ட்இன் எதுக்கு?

அக்காவோட ஆர்டர் நோட்டை எடுத்துப் பாத்தோம். முக்கால்வாசி ஆர்டர் வாட்ஸப்ல, தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்களுக்குச் சொல்லி வந்தது. கொஞ்சம் பேர் கவுண்டம்பாளையம், வெள்ளக்கிணறு பக்கத்துல இருந்து நேர்ல வந்து வாங்கினவங்க. எக்ஸ்ல இருந்து ஒருத்தர்கூட இல்ல. கொட்டேஷன்ல பாதி அங்கயே அடிபட்டுப் போச்சு.

ரெண்டு: ஆறு மாசம் விடாம என்னால எதைச் செய்ய முடியும்? புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்க. 2018-ல ஆரம்பிச்சாங்க. ஒரு தாத்தா, அவரோட பேரனுங்க, திறந்தவெளி, பெரிய பாத்திரம். ஒரே மாதிரி வீடியோ. 2021 ஜூலையில ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அது. ஆனா இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அவங்களுக்கு வீடியோதான் சரக்கு. அக்காவுக்கு மாவுதான் சரக்கு, வீடியோ அதுக்குப் போற ரோடு மட்டும். ஒரு கோடி பேர் பாத்து என்ன பண்றது, கொரியர் போட்டு வாங்க ஒரு இருநூறு குடும்பம் நிரந்தரமா இருந்தா அக்கா வீட்டு அடுப்பு எரியும்.

அக்காவுக்கு கேமரா முன்னாடி பேச வராது. கை மட்டும் தெரியற மாதிரி வறுக்கறது, அரைக்கறது, கரைக்கறது எல்லாம் எடுக்கலாம்னு சொன்னாங்க. அது போதும்.

மூணு: நாளைக்கு இந்த ஆப் இல்லைன்னா கையில என்ன மிச்சம்? இந்தக் கேள்விக்கு அக்கா கொஞ்ச நேரம் பதில் சொல்லல. அப்பறம் ஆர்டர் நோட்டைத் தட்டிக் காமிச்சு, "இதுதான் கண்ணு"ன்னாங்க. வாங்கினவங்க பேர், நம்பர், எந்த மாவு, எப்ப வாங்கினாங்கன்னு எல்லாம் அதுல இருக்கு. எந்த கம்பெனியும் அதைத் தடை பண்ண முடியாது.

கடைசியா முடிவு பண்ணது

தேடி வர்றவங்களுக்கு யூடியூப், வாரம் ஒரு வீடியோ. பக்கத்து ஊர்க்காரங்களுக்கு கூகுள் மேப்ஸ்ல கடைப் பேரைச் சேக்கறது, அது இலவசம். ஆர்டருக்கு வாட்ஸப் பிசினஸ், அதுலயே கேட்டலாக் போட்டு வெச்சுக்கலாம். இன்ஸ்டால பேரை மட்டும் பிடிச்சு வெச்சுக்கிட்டு, அதே வீடியோவை வெட்டிப் போட்டா போதும்.

வாட்ஸப்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு தடவைக்கு 256 பேர்தான். அதுலயும் உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்குத்தான் மெசேஜ் போகும். அதனால ஒவ்வொரு பாக்கெட்லயும் "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"ன்னு ஒரு ஸ்டிக்கர். கேட்டு, சம்மதம் வாங்கி, அந்த நம்பர்களை ஒரு ஷீட்ல ஏத்தி, மாசம் ஒரு தடவை பேக்கப். ஷீட் போட்டுக் குடுத்ததுதான் எஞ்சினியரிங் படிச்ச நான் பண்ண ஒரே வேலை. மீதியெல்லாம் அக்கா நோட்டுலயே இருந்துச்சு.

அந்த 18,000? முதல் மாசப் பணத்துல ஒரு டிரைபாடும், பாக்கெட் சீல் பண்ற மெஷினும் வாங்கினாங்க. மிச்சம் பேங்க்லயே இருக்கு.

நீங்களும் எதையாவது விக்க ஆரம்பிக்கறீங்கன்னா, எந்த ஆப்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, கடைசியா உங்ககிட்ட வாங்கின பத்துப் பேர் எப்படி வந்தாங்கன்னு எழுதிப் பாருங்க.