மூலைக்கடை - 9: கண்ணாடியில் ஒட்டிய நீலத் தாள்

பாலிலும் பாணிலும் மிஞ்சுவது சில்லறைதான். லண்டனில் மூலைக்கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர்களைக் கேட்டால், வாடகையைக் கட்டிக்கொடுப்பது கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் மதுப் பாட்டில்கள்தான் என்பார்கள். அவற்றை அடுக்க இரண்டு உரிமங்கள் வேண்டும்: ஒன்று ஆளுக்கு, இன்னொன்று கடைக்கு.

ஆளுக்கானது சுலபம். ஒருநாள் வகுப்பு, 40 கேள்விகள், 28 சரியாக இருந்தால் தேர்ச்சி. குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றோடு 37 பவுண்ட் கட்டினால் கவுன்சில் அட்டை கொடுத்துவிடும். 2015 முதல் புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை.

கடைக்கான உரிமம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். கடையின் வரைபடம், விற்கும் நேரம், பொறுப்பாளர் பெயர் எல்லாம் விண்ணப்பத்தில் போகும். அதோடு வெளிர்நீல ஏ4 தாளில், 16 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் ஓர் அறிவிப்பு. தெருவில் போகிறவர் நின்று படிக்கும்படி 28 நாள் அது கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆனால் குற்றம், பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை, சிறுவர் நலன் இந்த நான்கில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன் வியாபாரம் படுத்துவிடும் என்று எதிர்க்கடைக்காரர் எழுதினால் செல்லாது. ஆட்சேபமே வராவிட்டால் கவுன்சில் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும்.

வந்தால் கவுன்சிலர்கள் முன் விசாரணை. அதற்கு முன்பே போலீஸுடன் பேரம் நடக்கும். 6.5 சதவீதத்துக்கு மேற்பட்ட மலிவு பியர் வைப்பதில்லை, ஒற்றை கேனாக விற்பதில்லை, இரவு 11 மணிக்கு மேல் கிடையாது என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக இறங்கி வருவார். ஒற்றை கேன் வாங்குபவர்தான் கடைவாசலிலேயே நின்று குடிப்பவர் என்பது போலீஸ் கணக்கு.

இந்த முறையைக் கொண்டுவந்த சட்டம் 2003இல் நிறைவேறி 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே 2003 நவம்பரில்தான் தமிழ்நாட்டில் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது. நம் ஊரில் கடை வேண்டாம் என்று சொல்ல பெண்கள் சாலையில் உட்கார வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு கடிதம் போதும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு லண்டன்காரர்கள்மேல் பொறாமைதான்.

உரிமம் வந்த பிறகும் நிம்மதி இல்லை. 18 வயது நிரம்பாத பிள்ளையையே அனுப்பி அதிகாரிகள் சோதிப்பார்கள். அதனால் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு முதலாளி முதலில் சொல்வது: "தம்பி, தாடியைப் பாத்து ஏமாறாத. இருபத்தஞ்சுக்குக் கீழ எண்டு பட்டா ஐடி கேள். இல்லையெண்டா குடுக்காத, கொப்பியில எழுது." மறுத்த விற்பனையைக் குறிக்கும் அந்தக் கொப்பி வெறுமையாக இருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

மாட்டிக்கொண்டால் உரிமத்தை மறுஆய்வு செய்வார்கள், ரத்தும் ஆகலாம். 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தால், அது முடியும்வரை பொதுவாக விற்பனைக்குத் தடையில்லை. ரத்துச் செய்தி கிடைத்த கடைக்காரர் அன்றே வக்கீலைத் தேடி ஓடுவது அதனால்தான்.

(தொடரும்)