அளத்தலும் ஆளுதலும்: மோட்டார் வண்டியில் நுண்கட்டுப்படுத்தி

கருவியொன்றைப் பயன்படுத்துவோர் அதன் இயக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டுமா என்னும் வினாவிற்கு மோட்டார் வண்டியின் வெப்பநிலைகாட்டி தக்கதோர் உதாரணமாகும். தொழிற்சாலைகள் பொருத்தும் காட்டிகள் பலவற்றில், பரந்ததொரு வெப்பநிலை வீச்சினுள் ஊசி நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. சாரதிக்கு இதனால் மனவமைதி கிட்டுகின்றது, தகவல் கிட்டுவதில்லை. ஊசி அசையத் தொடங்கும்போது இயந்திரம் ஆபத்தை அண்மித்திருக்கவும் கூடும்.

கணித்தலும் நினைவும் ஒரே சில்லில் அடங்கிய நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டு நாமே அமைக்கும் காட்டி இந்நிலையை மாற்றவல்லது. குளிராக்கும் நீரில் அமிழ்ந்துள்ள, தெர்மிஸ்ரர் எனப்படும் வெப்பவுணர் தடையின் பெறுமானம் வெப்பநிலை உயரக் குறைகின்றது. பரவலாக வழங்கும் ஒருவகை, 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓமும் 80 பாகையில் ஏறத்தாழ 320 ஓமும் கொண்டது. இதனை 1,000 ஓம் நிலைத்த தடையொன்றுடன் தொடராக இணைத்து 5 வோல்ற்று வழங்கின், உணரிக்குக் குறுக்கேயுள்ள அழுத்தம் முறையே சுமார் 3.6, 1.2 வோல்ற்றாகும். நுண்கட்டுப்படுத்தி இதனை 0 முதல் 1023 வரையான எண்ணாக்கி, அட்டவணையொன்றுடன் ஒப்பிட்டு வெப்பநிலையைக் காட்டும்.

அளத்தலை அடுத்தது ஆளுதல். விசிறியை 95 பாகையில் இயக்கி அதே பாகையில் நிறுத்தின், அது ஓயாது இயங்கியும் நின்றும் ரிலேயைச் சிதைக்கும். எனவே 95 இல் இயக்கி 90 இல் நிறுத்துதல் போன்றதோர் இடைவெளி இன்றியமையாதது. நுண்கட்டுப்படுத்தியின் முனை சில பத்து மில்லியம்பியரையே தாங்கும். விசிறியோ பத்து அம்பியருக்கு மேலும் வேண்டும். ஆதலின் திரான்சிஸ்ரர் ரிலேயையும், ரிலே விசிறியையும் இயக்குதல் முறை.

இங்கு முக்கிய பிரச்சினையொன்று எழுகின்றது. உணரியின் கம்பி அறுந்தால் எண் 1023 ஐ எட்டும். விழிப்பின்றி எழுதப்பட்ட நிரல் இதனைக் கடுங்குளிரெனக் கொண்டு விசிறியை நிறுத்திவைக்கும்; இயந்திரம் வெந்தழியும். ஆகவே எல்லைப் பெறுமானங்களைப் பழுதெனக் கொண்டு, விசிறியை இயக்கிச் சாரதியை எச்சரிக்குமாறு நிரல் அமைதல் வேண்டும்.

1788 இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்திற் பொருத்திய வேக ஆளியின் சுழலும் குண்டுகளை எவரும் கண்ணாற் காணமுடிந்தது. இன்று ஆளுகை நிரலினுள் மறைந்துள்ளது. எவ்வெப்பநிலை ஆபத்தானது, உணரியின் மௌனத்துக்கு என்ன பொருள் என்பனவெல்லாம் அங்கே மனிதர் எடுத்த தீர்மானங்களே. அவற்றைப் படித்தறியவும் திருத்தவும் பயன்படுத்துவோர் வல்லவராவதிலேயே இம்முயற்சியின் சமூகப் பயன் தங்கியுள்ளது எனலாம்.