கட்டுவதும் கட்டி முடிப்பதும்

சிவில் எஞ்சினீயரிங்கில் பட்டம் பெற்ற என் தங்கை மகன், கிண்டியிலேயே மேலும் இரண்டாண்டு தங்கிக் கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் என்ற மேற்படிப்பைப் படிக்கப் போவதாக வந்து சொன்னபோது, "கட்டடம் கட்டப் படித்தாயிற்று, சரி, கட்டுகிறவர்களை மேய்ப்பதற்கும் சர்வகலாசாலையில் ஒரு படிப்பா?" என்று அவன் தாயார் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆயினும் வேலை நடக்கும் இடத்திற்கே போகாமல் வகுப்பறையில் உட்கார்ந்து வேலை வாங்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள முடியுமா என்ற பழைய சந்தேகம் அந்தக் கேலிக்குள் இருந்ததால், அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு நான் ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கியபோதுதான் அதற்கு ஓரளவு பதில் கிடைத்தது.

கிண்டிக் கல்லூரியின் பூர்வ சரித்திரத்தைப் பார்த்தால் இந்த இரண்டு வித்தைகளும் ஒரு காலத்தில் பிரிந்தே இருக்கவில்லை என்பது புலப்படும். நிலத்தை அளக்க ஆட்கள் வேண்டுமென்று 1794-இல் சென்னையில் ஏற்பட்ட சர்வே பள்ளிக்கூடம், 1859-இல் சிவில் எஞ்சினீயரிங் கல்லூரி என்ற பெயரைப் பெற்று, 1920-இல் கிண்டியில் இப்போதுள்ள இடத்திற்கு வந்து சேர்ந்தது. அந்நாளில் எஞ்சினீயர் என்பவர் பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகஸ்தர். அணைக்கு வரைபடம் போடுபவரும் அவரே, கூலிக்கு ஆள் பிடிப்பவரும் அவரே, சுண்ணாம்பு எங்கே அகப்படும், மாட்டுவண்டி எந்த மாதத்தில் மலையேறும் என்று கணக்குப் பார்ப்பவரும் அவரே. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாற்று அணையின் சரித்திரத்தைப் படிப்பவர்களுக்கு, அதைக் கட்டிய எஞ்சினீயர் பென்னிகுயிக்கை வாட்டியது சுவரின் கனம் எவ்வளவு இருக்கவேண்டும் என்ற கணக்கன்று, ஆற்றை எப்போது திருப்புவது, வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனதை மறுபடியும் எந்தப் பருவத்தில் கட்டுவது, காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் ஓடிவிடாமல் எப்படி நிறுத்துவது என்ற கவலைகளே என்பது விளங்கும். பிற்காலத்தில் வடிவமைப்பவர் ஒருவர், ஒப்பந்தக்காரர் ஒருவர், மேற்பார்வை செய்பவர் இன்னொருவர் என்று வேலை பங்கு பிரிந்தது. பங்கு பிரிந்த சொத்தை மறுபடியும் ஒரே பட்டாவில் சேர்க்கும் முயற்சியாகவே இந்தப் படிப்பை நான் கருதுகிறேன்.

முதல் நான்கு ஆண்டுகளில் சிவில் மாணவன் பயில்வதை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால், சுமை எந்த வழியாகப் போகிறது என்று காணப் பயில்கிறான் எனலாம். மாடியில் வைத்த பீரோவின் பாரம் தளத்திற்குப் போய், தளத்திலிருந்து உத்தரத்திற்கு இறங்கி, உத்தரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்திற்கும், அங்கிருந்து மண்ணுக்கும் போய்ச் சேரும் மார்க்கத்தை அவன் மனக்கண்ணால் தொடர்ந்து செல்ல வேண்டும். நடுவில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலாண்மைப் பாடத்திலோ, அதே கட்டடத்தில் காலம் எந்த வழியாகப் போகிறது என்று காணவேண்டும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எந்த இரண்டு வேலைகள் கூடவே நடக்கலாம், எது ஒருநாள் தாமதித்தாலும் முழுக் கட்டடமும் ஒருநாள் தாமதிக்கும் என்று வலைபோல வரைந்து, அந்த வலையின் மிக நீண்ட இழையைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். கிரிட்டிகல் பாத் என்று வழங்கும் இந்த முறை 1957-இல் அமெரிக்காவின் டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனியின் தொழிற்சாலைப் பணிகளுக்காக வகுக்கப்பட்டது. மறு வருஷமே அந்நாட்டுக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைக்காக, பெர்ட் என்ற ஒத்த முறையைக் கொண்டுவந்தது. நீண்ட இழையில் சேராத வேலை இரண்டு நாள் பிந்தினாலும் பாதகமில்லை என்பதும், சேர்ந்த வேலையில் அரைநாள் விட்டாலும் ஆபத்து என்பதும் சொல்லக் கேட்கும்போது எளிய உண்மைகளாகத்தான் தோன்றும். ஆனால் எல்லா வேலையும் அவசரம் என்று எல்லோரையும் ஒரே மாதிரி விரட்டும் மேற்பார்வையாளர்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும்.

இதற்கு நம் கடற்கரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தை 1964 டிசம்பரில் அடித்த புயல் சின்னாபின்னமாக்கியது. தனுஷ்கோடிக்குப் போன ரயிலும் அதிலிருந்தவர்களும் அந்த இரவில் கடலுக்கு இரையானார்கள். பாலத்தைச் சீராக்க ரயில்வே முதலில் ஆறு மாதம் என்றும், பிறகு மூன்று மாதம் என்றும் கெடு வைத்தது. பொறுப்பு 32 வயது எஞ்சினீயர் ஒருவரிடம் வந்தது. காக்கிநாடாவில் சிவில் படித்தவரும், பின்னாளில் கொங்கண் ரயில் பாதையாலும் டெல்லி மெட்ரோவாலும் பேர் பெற்றவருமான ஈ. ஸ்ரீதரன்தான் அவர். தூண்கள் நின்றன, அடித்துக்கொண்டு போனவை கர்டர்கள். புதிய கர்டர்களைத் தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் திரட்டிக் கொண்டுவருவதானால், வேலையின் நீண்ட இழை முழுவதும் அந்தக் காத்திருத்தலிலேயே போய்விடும். அவரோ கடலடியில் கிடந்த பழைய கர்டர்களையே தேடி எடுத்துத் தூக்கி நிறுத்த வழி செய்தார். 46 நாளில் பாலம் மீண்டும் வேலைக்கு வந்தது. கர்டர் எவ்வளவு தாங்கும் என்பது கட்டுமான சாஸ்திரம். அது எப்போது வந்து சேரும் என்பதும் அதே சாஸ்திரத்தின் இன்னொரு பாகம் என்று சொன்னால் பாம்பனைப் பார்த்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

இந்த இரண்டையும் ஒரே மாணவன் கற்கவேண்டும் என்பதற்கு, என் அபிப்பிராயத்தில், எல்லாவற்றிலும் பெரிய காரணம் சிமெண்டுதான். கல்லுக்கும் மரத்துக்கும் அவசரமில்லை; சிமெண்டுக்குள் மட்டும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. சாதாரணச் சிமெண்டு தண்ணீர் பட்ட அரைமணிக்குள் இறுகத் தொடங்கிவிடக்கூடாது, பத்து மணிக்குள் இறுகி முடியவேண்டும் என்பது விதி. கலவை லாரி நகரத்து நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கடிகாரத்தில் கழிகிறது. தளம் போடும்போதே எடுத்து 15 சென்டிமீட்டர் கனசதுரங்களாக வார்த்து வைத்த கான்கிரீட்டை 28-ஆம் நாள் யந்திரத்தில் நசுக்கிப் பார்த்தால்தான் அதன் உண்மையான பலம் தெரிகிறது. அதற்குள் அந்தத் தளத்தின் மேலேயே அடுத்த மாடி எழும்பியிருக்கும். பரீட்சை முடிவு வருமுன்பே மேல் வகுப்பில் உட்கார்ந்துவிட்ட பிள்ளையைப் போன்ற நிலைமை இது. ஏழாம் நாள் நசுக்கிப் பார்த்து, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருக்கிறதா என்று ஊகித்து, மேலே போகலாமா நிற்கலாமா என்று ஒருவன் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் எஞ்சினீயரிங்கா, நிர்வாகமா என்று கேட்டால் விடை சொல்ல என்னால் முடியாது.

என் வீட்டுக்கு வருகிறேன். மருமகன் கல்லூரி விடுமுறையில் வந்து, கம்ப்யூட்டரில் வேலை அட்டவணை ஒன்றைத் தயாரித்து, வர்ணக் கோடுகளுடன் அச்செடுத்துச் சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்த கொட்டகைச் சுவரில் ஒட்டினான். நாற்பது வருஷமாகக் கரணை பிடித்த எங்கள் மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சிரத்தையாகப் பார்த்தார். பிறகு, "எல்லாம் சரி தம்பி, ஆடி மூணாம் வெள்ளிக்குக் கம்பி கட்டுறவங்க அத்தனை பேரும் ஊருக்குப் போயிடுவாங்களே, கோயில் கொடை. அந்தக் கோடு எங்கே?" என்று கேட்டார். அவன் முகத்தில் அசடு வழிந்தது. அன்று மாலையே அட்டவணை திருத்தப்பட்டது. கம்பி கட்டும் வேலை நாலு நாள் முன்னுக்கு வந்தது. மறுநாள் அவனும் மேஸ்திரியிடம் ஒன்று கேட்டான். "கம்பி கட்டி முடிந்ததும் கான்கிரீட்டுக்கு ஆள் சொல்லிவிட்டீர்களே, விசிறிக் கொக்கிக்கும் விளக்குக் குழாய்க்கும் எலெக்ட்ரீஷியன் வந்தாச்சா?" வரவில்லை, யாரும் சொல்லியனுப்பவில்லை. அந்தக் குழாய்களைப் பதிக்காமல் தளத்தைப் போட்டிருந்தால் பிறகு உளி வைத்துக் கொத்தியிருக்க வேண்டும். கோடுகளால் என்ன பிரயோஜனம் என்று அதுவரை எண்ணியிருந்த நான் அன்றிலிருந்து அந்தக் காகிதத்தைத் தினமும் ஒருமுறை பார்க்கலானேன்.

பாடத்திட்டத்தில் டெண்டர், ஒப்பந்தச் சட்டம், அளவுப் புத்தகம், பில் என்று இன்னும் பல உண்டு. அவற்றை விவரித்து வாசகரை அலுக்கச் செய்ய விரும்பவில்லை. ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலனுக்காக 1996-இல் மத்திய சர்க்கார் சட்டம் இயற்றியது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று வீதம் அவர்களுடைய நலநிதிக்கு வரியாகவும் போகிறது. பரீட்சையில் இதைக் கேட்டால் மாணவர்கள் தவறாமல் எழுதிவிடுவார்கள். ஆனால் சித்தாள் பெண்ணின் கைக்குழந்தை சாரத்தின் நிழலில் தூங்குகிறதா, வெயிலில் தூங்குகிறதா என்று பார்க்கும் கண் பரீட்சையால் வருவதில்லை. 2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் முடியும் தறுவாயிலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த கூலிக்காரர்கள். வேறு எந்தப் பாடம் விட்டுப்போனாலும் அந்த மாலையைப் பற்றி ஒரு மணி நேரமாவது எல்லா வகுப்புகளிலும் பேசியாகவேண்டும் என்பது என் கட்சி.

தளம் போட்ட நாள் விடியற்காலையிலேயே கற்பூரம் காட்டி, சர்க்கரை வழங்கி, கலவை யந்திரம் சுழலத் தொடங்கியது. மருமகன் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள இரும்புக் கூம்பொன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் கலவையைக் குத்தி நிரப்பிக் கூம்பை மேலே உருவினால், கலவை எவ்வளவு அமுங்குகிறதோ அதிலிருந்து தண்ணீர் மிகையா என்று தெரியுமாம். அவன் கூம்பைக் கழுவிக்கொண்டிருக்கையிலேயே மேஸ்திரி, யந்திரத்திலிருந்து கலவை விழும் சத்தத்தைக் கேட்டு, "டேய், தண்ணியைக் குறைடா!" என்று ஓர் அதட்டல் போட்டார். கூம்பும் பிறகு அதையேதான் சொல்லிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை.

மறுநாள் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். முட்டுக்கும் தகட்டுக்கும் தினவாடகை ஓடுகிறபடியால், எட்டாம் நாள் நான் மெல்லப் பேச்செடுத்தேன். தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் என்றால் ஏழு நாளில் முட்டைப் பிரிக்கலாம், அதற்கு மேல் என்றால் பதினாலு நாள் என்பது இந்தியத் தரவிதி என்றான் மருமகன். கூடத்தின் அகலம் பதினைந்து அடி; மீட்டரில் கணக்கிட்டால் நாலரைக்கு மேல் ஏழு சென்டிமீட்டர். "ஏழு சென்டிமீட்டர்தானேடா!" என்றேன். அவன் பதில் சொல்லாமல் மேஸ்திரியைப் பார்த்தான். விதியையும் மீட்டரையும் அறியாத அந்த மனிதர் பாத்தியிலிருந்த தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டு, "பதினஞ்சு அடி ஹாலுக்கு ரெண்டு வாரம் விடணும் சார், அவசரப்படாதீங்க" என்றார். மேலும் ஒரு வாரத்து வாடகையைக் கொடுத்தேன்.