காடும் ஆடும்

ஆடு காட்டின் பகை என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் முடிபு. தளிரைக் கடிக்கும், பட்டையை உரிக்கும், நட்ட கன்றை வளரவிடாது. ஆதலின் அதனை வனத்தினின்றும் விலக்குக என்பர். 2022ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழகத்தின் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. இம்முடிபில் உண்மை உண்டு. முழு உண்மையும் அதுதானோ என்பதே நான் ஈண்டு ஆராய விழைவது.

எங்கள் முள்ளியவளையைச் சூழ்ந்த வன்னிக் காடு பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் விரவி நிற்பது. பெருமழை ஐப்பசி தொட்டு மார்கழி வரையே. ஆனி, ஆடியிற் சோளகக் காற்று வீச, சருகெல்லாம் சுள்ளென்று காய்ந்துவிடும். இங்கே தீ தானாக மூள்வது அரிது. தேனெடுப்போர் பிடித்த பந்தமும், சேனைக்கு இட்ட நெருப்பும், வேட்டையாடுவோர் வைத்த கொள்ளியுமே காட்டை எரிப்பன. எரிந்த நிலத்தில் மரம் தலையெடுக்குமுன் கினிப்புல் தலையெடுக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து வந்த இப்புல் ஆளுயரம் வளர்ந்து, கோடையிற் காய்ந்து, அடுத்த தீக்குத் தானே விறகாகிறது.

முல்லை நிலம் வெம்மையால் இயல்பு கெடின் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் கருத்து. எங்கள் ஊரிலோ பாலை என்பது தேனினும் இனிய பழந்தரும் மரம். தீக்குப் பின் எமக்கு எஞ்சப்போவது எந்தப் பாலை?

பிறநாட்டார் இதற்கு விடை தேடியுள்ளனர். 2017ஆம் ஆண்டுக் காட்டுத் தீயில் நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்த போர்த்துக்கல், அதன் பின்னர் ஆட்டு மந்தைகளைத் தீத்தடுப்புப் பணியில் ஈடுபடுத்தியது. ஸ்பெயினின் அந்தலூசியாவில், தீத்தடுப்புப் பட்டைகளை மேய்த்துத் துப்புரவாக்கும் இடையர்க்கு அரசு ஊதியம் அளிக்கிறது. கலிபோர்னியாவில் 2019 மே மாதம் ஏறத்தாழ 500 ஆடுகள் ரீகன் நூலகத்தைச் சூழ்ந்த 13 ஏக்கர்ப் புதரை மேய்ந்தன. ஒக்டோபரில் வந்த பெருந்தீ அந்த வெளியிலே தணிய, நூலகம் பிழைத்தது.

ஆயின், எரிந்த மறுமாதமே ஆட்டை உள்ளே விடுவது பேதைமை. கரிந்த கட்டையினின்று கிளைக்கும் தளிரே காட்டின் உயிர். அத்தளிர் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை, சில மாரி கழியும்வரை, அவ்விடத்தை அடைத்துக் காத்தல் வேண்டும். அதுவரை மேய்ச்சல் காட்டின் விளிம்பிலும் பாதையோரத்திலும் அமையட்டும். தையிலும் மாசியிலும், புல் பசுமையாயிருக்கும்போதே செம்மறியை விடல் வேண்டும். நுனிப்புல் மேயும் மாணாக்கனை நாம் கடிந்துகொள்கிறோம். இங்கும் அடிவரை மேயும் செம்மறியே வேண்டற்பாலது. வெள்ளாடோ குழைதின்னி, பின்னங்காலில் எழுந்து புதரை ஒடுக்கும். கினிப்புல் முற்றித் தடித்த இடத்திற்கு மாடே ஏற்றது. இரவில் பட்டி அடைத்தால் எருவும் அங்கேயே சேரும்.

ஆகவே ஆடு பகையுமன்று, துணையுமன்று. அதனை நடத்தும் கோலும், நடத்தும் காலமுமே பகையையும் துணையையும் வகுப்பன. 2009ஆம் ஆண்டுப் போரின் பின் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு ஆடே சிறு கைமுதல். அவர்களைக் காட்டின் குற்றவாளிகளாக விரட்டுவதா, கூலி கொடுத்துக் காவலராக அமர்த்துவதா? எரிந்த பின் நீர் சுமப்பதினும், எரியுமுன் இடையனை அழைப்பதே அறிவுடைமை என்பேன்.