தோள் துண்டு காவலாகுமா?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் உழைப்பவர் எவரைப் பார்த்தாலும் அவர் தோளில் ஒரு துண்டு கிடக்கக் காண்கிறோம். வெயிலில் அது தலைப்பாகை. வியர்வைக்கு அதுவே கைக்குட்டை. பஞ்சுத் தூசி பறக்கும் போது மூக்கை மறைக்கும் திரையும், பயிருக்கு மருந்து தெளிக்கும் போது முகத்தைக் கட்டும் கவசமும் அதுவே. ஒரு துண்டு இத்தனை வேலைகளையும் செய்து நம்மைக் காக்கும் என்று நம்பி வருகிறோம். இந்நம்பிக்கை எங்கே சரி, எங்கே பிழை என்பதை அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நெசவாளரும் விவசாயியும் ஒரே சங்கத்திலும், பல வேளைகளில் ஒரே குடும்பத்திலும் இருப்பதால், தறியையும் தோட்டத்தையும் சேர்த்தே பேசுவோம்.

1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லை நிறுவியது முதல் இவ்வட்டாரம் பஞ்சாலும் நூலாலும் வளர்ந்து வந்திருக்கிறது. அருகிலுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் முதலிய ஊர்களின் விசைத்தறிகளில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்பட்டு வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. ஊரார் காயங்களைக் கட்டும் துணியை நெய்து அனுப்புகிற நாம் நம் விரலைப் பற்றி எவ்வளவு சிந்திக்கிறோம்?

விசைத்தறியில் முதல் அபாயம் தொங்கும் துணிதான். சுழலும் தண்டும், ஓடும் பெல்ட்டும், பற்சக்கரமும் ஒரு முனையைப் பற்றினால் போதும், மோட்டாரை நிறுத்தக் கை நீளும் முன்பே துணியோடு ஆளையும் இழுத்துவிடும். தோளில் கிடக்கும் துண்டு, அவிழ்ந்த வேஷ்டி நுனி, சேலை முந்தானை, பின்னாமல் விட்ட கூந்தல், கையில் கட்டிய கயிறு ஆகிய யாவும் யந்திரத்துக்கு ஒன்றே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். ஓடும் யந்திரத்தை அணுகிச் சோதிக்கவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளியே உடலோடு இறுகிய உடை அணிந்து அதனைச் செய்ய வேண்டும் என்றும், அவ்வுடையை முதலாளியே வழங்க வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 22ஆம் பிரிவு விதித்தது. ஆகவே இறுகிய உடை என்பது மேனாட்டு நாகரிகமன்று. நம் சட்டமே கேட்ட காவல் அது. பெண்கள் சேலை மேல் முழு அங்கி அணிந்து, முந்தானையை உள்ளே செருகி, தலைக்குக் குல்லாய் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல மில்களில் உண்டு. நான்கு தறி ஓடும் வீட்டுக் கூடத்திலும் அது இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இங்கே ஒரு தடை உண்டு. மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று 1948ஆம் ஆண்டின் சட்டம் கொண்டது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 20 ஆக்கியது. அப்பா, மகன், மருமகள், கூலிக்கு இருவர் என்று ஓடும் நம் தறிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவாரென்று எதிர்பார்ப்பதற்கில்லை. சட்டத்தின் கை எட்டாத அவ்விடத்தில் சங்கத்தின் கையாவது எட்ட வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். உடை என்பது கடைசி வேலி. பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் மூடி போடாமல், ஆளுக்கு மட்டும் அங்கி மாட்டிவிடுவது ஆட்டைக் கட்டாமல் பயிருக்கு வேலியிடுவது போன்றது. மூடி முதலில், அங்கி பிறகு.

தூசிக்கு வருவோம். பஞ்சு பிரிக்கும் பகுதியிலும் சிக்கெடுக்கும் பகுதியிலும் பல ஆண்டு வேலை செய்தவர்க்கு வரும் மார்புநோய் ஒன்று உண்டு. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுவது அதன் முதல் அடையாளம். மேல்நாட்டார் இதனைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றழைத்தனர். மருத்துவர் இடும் பெயர் பிஸினோஸிஸ். தொடக்கத்தில் மறுநாளே மறைந்துவிடும் இந்நோய், வருஷங்கள் செல்லச் செல்ல வாரம் முழுதும் தங்கி, முடிவில் நுரையீரலைக் கெடுத்துவிடும். அமெரிக்க அரசு 1978இல் நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசி என்றும், நெசவுப் பகுதியில் 750 என்றும் வரம்பு வகுத்தது. நெசவைவிட நூற்பின் வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதிலிருந்து நோயின் இருப்பிடம் விளங்கும். துண்டு கண்ணுக்குத் தெரியும் பஞ்சுத் துகளைத் தடுக்கும். நோயை விளைப்பதோ கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. அது துண்டின் இழைகளுக்கிடையே தடையின்றிச் செல்லும். 2020இல் பெருந்தொற்று வந்தபோது, முகத்தோடு ஒட்டி நிற்கும் வடிகட்டி முகக்கவசத்துக்கும் சாதாரணத் துணிக்கும் உள்ள பேதத்தை ஊரே அறிந்தது. அந்த அறிவை நாம் தறிக்கூடத்து வாசலில் விட்டுவிட்டு வரலாமா?

காதையும் மறக்கலாகாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் ஏற்ற மேல் வரம்பு. நாடா ஓடும் விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் இதனைத் தாண்டுவது வழக்கம். காதில் பஞ்சை அடைப்பதால் ஆவது சொற்பமே. அதற்கென்றே செய்த காதடைப்பான் வேண்டும். வீட்டார் பேசுவது கேட்கவில்லை என்று அறியும் நாளில் போன செவி திரும்பி வருவதில்லை.

கட்டுத்துணியை வெளுக்கும் இடத்திலும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறிக்கு நூல் தோய்க்கும் சாயச்சாலையிலும் நிலைமை வேறு. காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும். கண்ணில் தெறித்தால் பார்வை போகும். முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறை, மார்பை மறைக்கும் ரப்பர் மேலாடை, கண்ணாடி, முழங்கால் வரைக்குமான பூட்ஸ் ஆகியவை இங்கே அவசியம். தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிய பிறகே வைத்தியரிடம் ஓட வேண்டும். ஆனால் இதே கையுறையோடு ஓடும் தறிக்கு அருகே சென்றால் அது எமனாகும். சுழலும் தண்டு கையுறையின் நுனியைப் பற்றிக் கையையே இழுத்துவிடும். சாயத் தொட்டியில் காக்கும் பொருள் தறியில் கொல்லும். இந்த வேறுபாட்டை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்லிக் கொடுக்கிறோமா என்பது எனக்கு ஐயமே.

இனித் தோட்டம். மலையடிவாரத்து மாந்தோப்புகளில் பூப்பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கிறோம். மரம் தலைக்கு மேல் நிற்கிறது. மருந்தை மேல்நோக்கிப் பீய்ச்சுகிறோம். இலையில் தங்காத மருந்து நேரே முகத்தின் மேல் இறங்குகிறது. பருத்தி ஆள் உயரம் வளர்ந்துவிட்டாலும் இதே கதைதான். மகாராஷ்டிரத்தில் யவத்மால் ஜில்லாவில் 2017இல் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20க்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தனர். அவ்வாண்டு செடிகள் வழக்கத்தைவிட உயர்ந்து வளர்ந்திருந்தன. கையுறையோ முகக்கவசமோ இல்லாமல் அவற்றினூடே நடந்தவர்கள் பலர். அதே ஆண்டில் நம் மாநிலத்துப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பருத்திக் காடுகளிலும் நஞ்சேறி உயிரிழந்தோர் உண்டு.

துண்டு நமக்குத் துரோகம் செய்வது இங்கேதான். பஞ்சுத் துணி நீரை உறிஞ்சும் குணமுடையது. கட்டுத்துணியின் பெருமையே அதுதான். அதே குணத்தால், முகத்தில் கட்டிய துண்டு மருந்தை உறிஞ்சி, மணிக்கணக்கில் மூக்கோடும் உதட்டோடும் அதனை ஒட்டி வைத்திருக்கிறது. நஞ்சு தோல் வழியே உள்ளே செல்லும் என்பதை நம்மில் அநேகர் இன்னும் நம்புவதில்லை.

1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து உணவுப் பொருளோடு கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக வந்தது 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம். அதன் கீழ் 1971இல் எழுந்த விதிகள், மருந்தைக் கையாள்வோர்க்கு மேலாடை, முன்கையின் பாதி வரை நீளும் கையுறை, தூசி புகாத கண்ணாடி, பூட்ஸ் ஆகியவை வேண்டுமென்று கூறுகின்றன. டப்பாவின் மேலுள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு அதிதீவிர நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, பின்னர் நீலம், பச்சை. சிவப்பையும் மஞ்சளையும் வாங்குமுன், பச்சையோ நீலமோ போதாதா என்று விவசாய அதிகாரியைக் கேட்பது எந்த அங்கியைக் காட்டிலும் நல்ல காவல்.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்தைக் கடனில் வாங்குபவர் அங்கத்தினர். அதைத் தோளில் சுமந்து தெளிப்பவரோ பெரும்பாலும் அங்கத்தினரல்லாத கூலியாள். கூட்டுறவுக் கடையில் மருந்து கிடைக்கிறது. அதே அலமாரியில் கையுறை இருக்கிறதா? இல்லாத இடங்களில் அடுத்த பொதுக்குழுவில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். கையுறையும் கண்ணாடியும் மேலாடையும் பூட்ஸும் சேர்ந்த செட் சிலவற்றைச் சங்கமே வைத்திருந்து, மருந்து வாங்குவோர்க்கு அன்றைக்கு வாடகைக்குக் கொடுத்து, திரும்ப வாங்கிக் கழுவி வைக்கலாம். அளவுகள் பலவாக இருக்க வேண்டும். சிறிய கைக்குப் பெரிய கையுறை மாட்டினால் வால்வைத் திருக முடியாமல் அரை மணியில் கழற்றி வரப்பில் வைத்துவிடுவார்.

தலைசுற்றல், மிகுந்த வியர்வை, வாயில் நீரூறல், வாந்தி, கண்மணி சுருங்குதல் ஆகியவை தோன்றினால் ஆளை உடனே வயலைவிட்டு நகர்த்தி, உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியர் மாற்று மருந்தை விரைந்து கொடுக்க முடியும். அடைத்துக்கொண்ட நாஸிலை வாயால் ஊதுவதும், மருந்துக் கையோடு வெற்றிலை மடிப்பதும் அறவே கூடாது.

தெளித்த உடையை மாலையில் யார் துவைக்கிறார்கள்? வீட்டுப் பெண்கள், கையுறையின்றி, குழந்தைகளின் சட்டையோடு சேர்த்து, பல வேளைகளில் கண்மாய்க் கரையில். தெளித்த உடைக்குத் தனி வாளியும் தனிக் கொடியும் வேண்டும். அது மற்றத் துணியோடு சேரக் கூடாது. கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டே அதனைச் சோப்பில் அலச வேண்டும். அந்த நீரைக் கண்மாயிலும் கிணற்றடியிலும் ஊற்றாது, குடிநீருக்கும் ஆடு மாட்டுக்கும் எட்டாத வெறுநிலத்தில் கொட்ட வேண்டும்.