'பிளாக்' என்றால் எந்த பிளாக்?

போன மாதம் என் சித்தி பேருந்தில் செல்போனைத் தொலைத்துவிட்டார். பக்கத்து வீட்டு போனில் இருந்து கஸ்டமர் கேருக்குப் பேசிவிட்டு, "பிளாக் பண்ணியாச்சு, இனி பயமில்லை" என்று நிம்மதியாக இருந்தார். விசாரித்தால், பிளாக் ஆனது சிம் மட்டும்தான்! போன், ஏடிஎம் கார்டு, யூபிஐ எல்லாம் அப்படியேதான் இருந்தன. நல்லவேளை, பணம் எதுவும் போகவில்லை.

'பிளாக்' நாம் தினமும் சொல்லும் வார்த்தைதான். ஆனால் இடத்துக்கு இடம் அதன் அர்த்தம் மாறும். அடுக்குமாடிக் குடியிருப்பில் 'ஏ பிளாக்', 'பி பிளாக்' என்றால் கட்டடம். டாக்டர் சொன்னால் ரத்தக்குழாய் அடைப்பு. 'பிளாக்கில் டிக்கெட்' என்பது வேறு ஆங்கில வார்த்தை, அது கறுப்பு! தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. பேச்சில் இதெல்லாம் பிரச்சினை இல்லை. விண்ணப்பத்திலும் அவசர நேரத்திலும் குழம்பினால்தான் சிக்கல்.

விண்ணப்பத்தில் வரும் பிளாக்

அரசு இணையதளத்தில் மாவட்டத்துக்குக் கீழே 'பிளாக்' என்று கேட்டால், பெரும்பாலும் அது ஊராட்சி ஒன்றியம். 1952-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் இருந்து வந்த பெயர் இது. வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) இருப்பது இங்கேதான். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன.

பலர் இதைத் தாலுகாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். தாலுகா, அதாவது வட்டம், வருவாய்த் துறையின் பிரிவு. அங்கே இருப்பவர் தாசில்தார். சாதி, வருமானச் சான்றுகளுக்குத் தாலுகா. ஊரக வேலை, ஊரக வீட்டு வசதித் திட்டங்களுக்கு பிளாக். ஒரே ஊருக்கு இரண்டின் பெயரும் வேறுவேறாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பட்டாவில் வரும் பிளாக்

'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் நகர்ப்புற நில விவரம் பார்க்கும்போது நகரம், வார்டு, பிளாக், சர்வே எண் என்று கேட்கும். இது நில அளவைக்காக வார்டைப் பிரித்த பகுதி. நீங்கள் குடியிருக்கும் 'பி பிளாக்' இல்லை! உங்கள் பத்திரத்திலோ, பழைய நில ஆவணத்திலோ உள்ள பிளாக் எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

போன் தொலைந்தால் மூன்று பிளாக்

இங்கேதான் என் சித்திக்கு நடந்தது நமக்கும் பாடம்.

1. சிம் பிளாக்: உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். வேறொருவருக்கு உங்கள் ஓடிபி போவதை இது தடுக்கும்.

2. வங்கி பிளாக்: வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசி கார்டு, யூபிஐ, மொபைல் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். 'பிளாக் பண்ணுங்க' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எதை என்று பேர் சொல்லிக் கேளுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்காமல் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

3. போன் பிளாக்: காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். போனின் ஐஎம்இஐ எண்ணும் அடையாளச் சான்றும் தேவை. பிளாக் ஆகிவிட்டால் வேறு சிம் போட்டாலும் அந்த போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் 'அன்பிளாக்' செய்துகொள்ளலாம். அதற்குப் பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

போன் தொலைந்த பிறகு ஐஎம்இஐ எண்ணைத் தேடி அலைய வேண்டாம். இப்போதே *#06# அழுத்திப் பாருங்கள். 15 இலக்க எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். இரண்டையும் டைரியில் எழுதி வையுங்கள். போனிலேயே சேமித்து வைத்தால் பயனில்லை!

அடுத்த முறை 'பிளாக்' என்ற வார்த்தை வந்தால், எந்த பிளாக் என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். சித்தி இப்போது மூன்றையும் விரல்விட்டுச் சொல்கிறார்.